கூட வர்றது யாரு

ஜனவரி 7, புதன்

மதிய இடைவேளையில் கோகிலவாணி டீச்சர் என்னை ஆசிரியர் அறைக்கு அழைத்தார். மாதக் கடைசியில் எங்கள் பள்ளி மைதானத்தில் மூன்று நாள் மலைமக்கள் கலைவிழா நடக்கப்போகிறது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து கதை சொல்பவர்களும் வாத்தியக்காரர்களும் ஆடுபவர்களும் வருகிறார்கள். மேடையில் தொகுத்து வழங்க ஒரு மாணவி வேண்டுமாம்.

"பதினொண்ணாவதுல உன்ன மாதிரி யாரும் தமிழ் உச்சரிக்கறதில்ல, நளினா. நீதான் பண்ற," என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக நூலகத்துக்குப் போய் மலைவாழ் மக்களைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டேன். நூலகர் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன, நாதஸ்வரமா?" என்று கேட்டார். அது மூங்கில் குழல். சொல்ல வாயெடுத்து, "தெரியலீங்க சார்" என்றேன்.

மாலையில் ரிதன்யாவிடம் சொன்னேன். அவள் என் வகுப்பு. எங்கள் வீட்டுக்காரரின் மகள். அவர்கள் மாடியில், நாங்கள் கீழே வாடகைக்கு. "மூணு நாளும் ஸ்கூல் பூரா வெறகுப் புகை நாத்தம்தான் அடிக்கும் பாரு," என்றாள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

துணி துவைத்தேன். வேதியியல் முதல் பாடம் முடித்தேன்.

பதினோரு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் வந்தார். தோளில் சாக்குப்பை, அதற்குள் மலை நெல்லியும் தேன் பாட்டில்களும். அம்மா அவருக்காகக் களி கிண்டி, கீரை கடைந்தாள். அவர் கூடத்தில் கீழே உட்கார்ந்து என் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எழுத்தைப் பார்க்கவில்லை. படம் உள்ள பக்கம் வரும்போது மட்டும் நிறுத்தினார்.

அப்போது ரிதன்யாவும் அவள் அம்மாவும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். கதவு திறந்திருந்தது.

"யாரு கண்ணு வந்திருக்கறது?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"தேன் விக்கறவருங்க ஆன்ட்டி."

சொன்ன பிறகுதான் அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்பதைப் பார்த்தேன்.

ஆன்ட்டி உள்ளே வந்துவிட்டார். "சக்கரைப் பாகு கலக்கலயே?"

"இல்லீங்க," என்று அவர் எழுந்து நின்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. கொஞ்சம் கொறச்சுப் போட்டுக் குடுங்க."

"நீங்க குடுக்கறதக் குடுங்க அம்மிணி."

எங்களுக்கென்று கொண்டுவந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து, வாய்ப்பகுதியைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். ஆன்ட்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அவர்கள் படியேறும் சத்தம் ஓய்ந்ததும் அவர் சிரித்தார். "உங்க வீட்டுக்கு வந்தா யாவாரம் நல்லா ஆவுது, மருமகளே."

அம்மா சிரிக்கவில்லை.

கிளம்பும்போது என்னிடம் ஒன்று கேட்டார். நான் "படிக்க நிறைய இருக்கு மாமா" என்றேன். அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. நாளைக்குக் கணக்குப் பரீட்சை.

ஜனவரி 13, செவ்வாய்

ஒவ்வொரு குழுவுக்கும் அறிமுகம் எழுதும் வேலையையும் டீச்சர் எனக்கே கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தாவது நிகழ்ச்சி: மழையைத் தேடிப் போனவள் கதை. சொல்பவர், தோகைப்பதி மருதன்.

நான் எழுதியது: "மலையின் நினைவைச் சுமந்து வரும் தனிக்குரல்."

"தனிக்குரல். அழகா இருக்கு," என்று டீச்சர் அடிக்கோடிட்டார். "இவருக்கு எத்தன மைக் வேணும்? கூட யாராச்சும் பாடுவாங்களா?"

"ஒண்ணு போதும் டீச்சர்."

"எப்படித் தெரியும் உனக்கு?"

"புத்தகத்துல படிச்சேன்."

எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் விடுமுறை. அம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். "அண்ணன் கேட்டுட்டுப் போச்சே. அதுக்கு என்ன சொல்றது?"

"நான் தொகுத்து வழங்கறேன்மா. மேடைய விட்டுட்டுப் பாயில உக்கார முடியுமா?"

"முடியாதா, மாட்டியா?"

அப்பா செய்தித்தாளை மடித்தார். "விடு. வாடகை வீட்டுல இருக்கறோம். நம்ம ஊரு திருப்பூர்ப் பக்கம்னு சொல்லித்தான இந்த வீட்டப் புடிச்சேன். இதுக்கு முந்தி மூணு எடத்துல என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

அம்மா துருவி முடித்த மூடியையே மறுபடி துருவிக்கொண்டிருந்தாள்.

சரி, எழுதியே விடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

மருதன் மாமா என் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். நான் பிறந்தது தோகைப்பதி என்ற மலையூரில். ஐந்தாம் வகுப்பில்தான் இந்த ஊருக்கு வந்தோம். எங்கள் பதியில் கதையை ஒருவர் தனியாகச் சொல்வதில்லை. பாயை விரித்து ஒரு தலைப்பில் மாமன் உட்காருவார். மறு தலைப்பில் அவருடைய உடன்பிறந்தவளின் மகள் உட்கார வேண்டும். மாமன் கொஞ்சம் சொல்லி நிறுத்துவார். நிறுத்திய இடத்தில் அவள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வாய்க்கு வந்த கேள்வி அல்ல, அந்த இடத்துக்கென்று உள்ள கேள்வி. அதைக் கேட்டால்தான் கதை அடுத்த அடி வைக்கும். கதை அவர் குலத்திடம், கேள்விகள் எங்கள் குலத்திடம். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மாமன் கூப்பிடுவார்: "கூட வர்றது யாரு?" அவள் தன் குலத்தையும் தாயின் பெயரையும் தன் பெயரையும் சொல்லி, "நா வர்றே" என்று சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கைக்கு நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் மாசித் திருவிழாவில் நான்தான் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு எல்லாக் கேள்விகளும் தெரியும்.

இப்போது மைதானத்தில் ஊரே இருக்கும். ரிதன்யா இருப்பாள், ஆன்ட்டி இருப்பார். அவர்கள் முன்னால் என் குலத்தைச் சொல்ல வேண்டும். நாட்குறிப்பில்கூட எங்கள் இனத்தின் பெயரை நான் இன்னும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

கேள்வி கேட்க ஆளில்லாவிட்டாலும், மேடைக்காக மாமா தனியாகவே சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்குச் சமாளிக்கத் தெரியும்.

ஜனவரி 22, வியாழன்

ஒத்திகை. என் குரல் கடைசி வரிசை வரை கேட்கிறதாம்.

ஜனவரி 23, வெள்ளி

விழா தொடங்கியது. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுக்கப்போகிறேன்.

ஜனவரி 24, சனி, காலை

நேற்று முதல் நான்கு நிகழ்ச்சிகளும் நன்றாக நடந்தன. ஐந்தாவதாக மாமா மேடையேறினார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. கோரைப்பாயை விரித்து ஒரு தலைப்பில் உட்கார்ந்தார். பாயில் பாதி காலியாகக் கிடப்பதைப் பார்த்து, நாட்டு நலப்பணித் திட்ட அக்கா ஒருத்தி அங்கே ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மாமா அதை இரண்டு கையாலும் எடுத்துப் பாய்க்கு வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டார்.

நான் பக்கத்தில்தான் மைக்கோடு நின்றிருந்தேன். 'தனிக்குரல்' என்று படித்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு தொடங்கினார். "மழ கோவிச்சுக்கிட்டு மலையேறிப் போச்சு. அதக் கூட்டியார ஒருத்தி கெளம்பறா. கூட வர்றது யாரு?"

(எங்கள் பேச்சில்தான் சொன்னார். நான் தமிழாக்கி எழுதுகிறேன். இங்கேகூட.)

நிறுத்தினார். கூட்டம் அடுத்த வரிக்காகக் காத்திருந்தது. அவர் மறுபடி, அதே நிதானத்தோடு, "கூட வர்றது யாரு?" என்றார். என் பக்கம் திரும்பித்தான் கூப்பிட்டார். கெஞ்சுவது போல இல்லை. பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

பின்வரிசையில் யாரோ, "நாங்க வர்றோம், பஸ்ஸா ரயிலா?" என்று கத்தினார்கள். மைதானமே சிரித்தது. முதல் வரிசையில் ரிதன்யா செல்போனில் படம் எடுத்துக்கொண்டே சிரித்தாள். அவள் பக்கத்தில் ஆன்ட்டி குனிந்து, "இந்தாளு நம்ம தேன்காரன்ல?" என்று கேட்டது மேடை வரை கேட்டது.

மூன்றாவது முறை கூப்பிட்டார்.

ஓரத்திலிருந்து டீச்சர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். அப்போதுகூட "நா வர்றே" என்று சொல்லியிருக்கலாம். மைக் கையில்தான் இருந்தது.

நான் சொன்னது இது: "பெரியவருக்குக் கதை மறந்துவிட்டது போலிருக்கிறது. வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். பலத்த கரவொலியோடு அவரை வழியனுப்புவோம்."

மாமாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. எல்லோரும் தட்டினார்கள். அவர் எழுந்து, நான் உட்கார வேண்டிய தலைப்பிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

"பிரமாதமா சமாளிச்ச," என்று டீச்சர் முதுகில் தட்டினார். நான் நன்றி சொன்னேன்.

ஜனவரி 24, சனி, மாலை

இன்று பகல் முழுவதும் நிகழ்ச்சி. நாளை நிறைவு விழாவில் மாமாவின் கதை மறுபடி இருப்பதாக இருந்தது. விழாக்குழுவினர் அதை நீக்கிவிட்டார்கள். தோகைப்பதிக்கு ஆட்டம் மட்டும். மாமாவுக்கு அதில் பறை அடிக்கும் வேலை.

மேடைக்குப் பின்னால் விழாக்குழுத் தலைவர் அவரிடம், "என்னங்க பெரியவரே, ஒரேயடியா மறந்துட்டீங்களே?" என்று கேட்டபோது நான் பேனருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"ஆமாங்க. மறந்துபோச்சுங்க," என்றார் மாமா.

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

தண்ணீர்க் குழாயடியில் செல்லி என்னைப் பிடித்தாள். மாமாவின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆட்டத்தில் முதல் ஆள். காலில் சலங்கையோடு நின்றாள்.

"டீச்சரம்மா, வெய்யில்ல நிக்காதீங்க. கறுத்துப்போயி எங்களாட்டம் ஆயிருவீங்க."

நான் குழாயை மூடினேன்.

"எங்கப்பன் எங்காளுககிட்ட என்ன சொல்லியிருக்குதுன்னு தெரியுமா? கூப்புடறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டிய வரி ஒண்ண அது விட்டுருச்சாம். அதனாலதான் நஞ்சி வாயத் தொறக்கலையாம். புள்ள மேல தப்பில்லையாம்."

நஞ்சி என்பது நான்தான். இந்த ஊரில் யாருக்கும் தெரியாத என் பெயர்.

"வரி எதையும் விடல," என்றேன்.

"எனக்குத் தெரியாதா? உக்கார வேண்டியவ பாய மறுத்துட்டான்னு ஆச்சுன்னா உங்கம்மா மறுபடி பதிக்குள்ள தல நிமிந்து வர முடியுமா? அதுக்குத்தான் எங்கப்பன் பழியத் தலையில போட்டுக்கிச்சு. இப்ப மாசிக்கு வேற யாரப் பாயில உக்கார வெக்கலாம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. கத மறந்தவன உக்கார வெக்க மாட்டாங்க. அதாச்சும் ஞாபகம் இருக்குதா, அதுவும் புஸ்தகத்துல இல்லையா?"

"இருக்கு."

"இருந்தாச் சரி." குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். சலங்கைச் சத்தம் ரொம்ப தூரம் கேட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, செல்லி சொன்னதை மட்டும். அம்மா எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சுருட்டிய பாயை எடுத்தாள். மாமாவின் பாய். வெள்ளிக்கிழமை அவர் அதை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "இனி எனக்கெதுக்கு" என்று சொன்னாராம். அம்மா அதை வாசல் கதவருகே சாய்த்து வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 25, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பாயை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். எதற்கு என்று அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. டீச்சர் மட்டும் கேட்டார். "கால் வலிச்சா உக்காரறதுக்கு," என்றேன். மேடைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, மதியம் வரை அந்தப் பக்கமே போகவில்லை. முடிவு செய்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். முடிவு எதுவும் செய்யவில்லை.

மாலை நான்கு மணிக்குத் தோகைப்பதி ஆட்டம். மாமா ஓரத்தில் நின்று தலை குனிந்து பறை அடித்தார். ஆட்டம் முடிந்தது. பரிசு கொடுக்க வேண்டிய சிறப்பு விருந்தினரின் கார் இன்னும் வரவில்லை.

"ஏதாவது பேசிச் சமாளி, நளினா," என்றார் டீச்சர். "நீதான் நல்லா சமாளிப்பியே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முகம் எரிந்தது.

"வெள்ளிக்கிழமை நின்னுபோன கதை ஒண்ணு இருக்கு டீச்சர்."

"அவருக்குத்தான் மறந்துபோச்சே."

"இல்ல டீச்சர்," என்றேன். மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பாயை எடுத்துவந்து மேடை நடுவில் விரித்தேன். மறு தலைப்பில் போய் உட்கார்ந்தேன்.

அதுவே தப்பு. மாமன் உட்கார்ந்த பிறகுதான் மருமகள் உட்கார வேண்டும். தோகைப்பதிப் பெண்கள் மேடையோரத்தில் நின்றபடியே சிரித்துவிட்டார்கள். "மொதப் பந்திக்கு எடம் புடிக்கறாடி," என்றாள் ஒருத்தி.

மாமா வரவில்லை. பறையின் வாரை இறுக்கிக்கொண்டே நின்றார். எதிரே முழு மைதானம். முதல் வரிசையில் ரிதன்யா, என்ன செய்கிறாய் என்று கையால் கேட்டாள். கழுத்தில் இருந்த தொகுப்பாளர் அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்து போய்விடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்.

செல்லிதான் அவர் கையிலிருந்து பறையை வாங்கிக்கொண்டாள்.

மாமா வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மழ கோவிச்சுக்கிட்டு மலையேறிப் போச்சு. அதக் கூட்டியார ஒருத்தி கெளம்பறா. கூட வர்றது யாரு?"

"நா வர்றே," என்றேன். "ஈஞ்சக் கொலம். மாதி மக நஞ்சி."

மைக் இல்லை. ஆனாலும் முதல் வரிசைக்குக் கேட்டிருக்கிறது. ஆன்ட்டி ரிதன்யாவின் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கதை நடந்தது. அவள் காய்ந்த ஓடைக்கு வந்தாள். மாமா நிறுத்தினார். "ஓட அவகிட்ட என்ன கேட்டுச்சு?" என்றேன். சரியான கேள்வி. ஓடை தன் கூழாங்கல்லைக் கேட்டது, அவள் கொடுத்தாள். அவள் கரடியின் குகைக்கு வந்தாள். மாமா நிறுத்தினார். "கரடிக்கு எத்தன குட்டி?" என்றேன். அதுவும் சரி. மேடையோரத்துப் பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவள் மூங்கில் காட்டைத் தாண்டி, பாதை இல்லாத இடத்துக்கு வந்தாள்.

மாமா நிறுத்தினார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. நான்காம் வகுப்பில் இந்த இடத்தில் நான் என்ன கேட்டேன் என்று தேடினேன். அன்று போட்டிருந்த பாவாடை ஞாபகம் வந்தது. மடியில் வைத்திருந்த பொரி ஞாபகம் வந்தது. கேள்வி வரவில்லை.

மாமா காத்திருந்தார். வெள்ளிக்கிழமை காத்திருந்த அதே மாதிரி. அவருக்குத் தெரியும், சொல்லமாட்டார். கூட்டத்தில் அம்மா எங்கோ நின்றிருந்தாள், அவளும் சொல்லமாட்டாள். பின்வரிசையில் ஒரு விசில் கேட்டது.

"மைக்கக் குடுங்க அதுகிட்ட," என்றாள் செல்லி. "அப்பத்தான் வாய் வரும்."

நான் மாமாவைப் பார்த்தேன்.

"மறந்துபோச்சு மாமா," என்றேன்.

தோகைப்பதி ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், "பாரு, மறந்தது மருதன் இல்ல," என்றாள் மெதுவாக.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப மொதல்ல இருந்து," என்றார். "மழ கோவிச்சுக்கிட்டு மலையேறிப் போச்சு. அதக் கூட்டியார ஒருத்தி கெளம்பறா. கூட வர்றது யாரு?"

மறுபடி குலத்தைச் சொன்னேன், தாயின் பெயரைச் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன். ஓடை, கரடி, மூங்கில் காடு. மறுபடி அதே இடத்தில் நின்றேன். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை "நஞ்சி" என்று சொல்லும்போது சிறப்பு விருந்தினரின் கார் மைதானத்துக்குள் வந்துவிட்டது. டீச்சர் மைக்கில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

மாமா பாயைச் சுருட்டினார். இந்த முறை அவர் பக்கத்திலிருந்து சுருட்டத் தொடங்கியதால், நான் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது.

"மிச்சம் மாசிக்கு," என்றார். "பதிக்கு வந்து கேளு." பாயை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கொடியேற்றம் முடிந்து திரும்பும்போது ரிதன்யா பாதி வழி வரை கூடவே நடந்தாள். பிறகு கேட்டாள். "உன் பேரு நஞ்சியா?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு வீட்டுக்குத் தேன் கொண்டுவந்தவரு?"

"எங்க மாமா."

அவள் நின்றுவிட்டாள். "எங்கம்மா அவர்கிட்ட பேரம் பேசினாங்களே. நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

"எப்படி நின்ன?"

அவள் எனக்கு முன்னால் நடந்து போனாள். கோபமா, வெறுப்பா, வேறெதுவுமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்காரர் சாயங்காலம் அப்பாவை மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா வெண்டைக்காய் நறுக்குகிறாள். மூன்றாவது கேள்வி என்னவென்று அவளிடம் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். "எடுத்துக் குடுக்கக் கூடாது" என்றாள். ஆனால் இன்று அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்.

நேற்று மூன்று முறை என் பெயரைச் சொன்னேன். மூன்று முறையும் வெட்கமாகத்தான் இருந்தது. முதல் முறை, முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்து. அடுத்த இரண்டு முறையும், எதிரே உட்கார்ந்திருந்தவரை நினைத்து.

மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது. அப்பா செருப்பை மாட்டுகிறார். நானும் கூடப் போகிறேன்.